திங்கட்கிழமை லோன், புதன்கிழமை லோன்

2022 ஆடியில் பேராவூரணிப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காலை ஏழு மணி. தெருவில் பைக் சத்தம் கேட்டதும் அக்கா அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு, அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பால் பொங்கி வழிந்தது. நான்தான் அடுப்பை அணைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவளிடம் எங்கே போனாய் என்று கேட்டதற்கு, "திங்கக்கிழமை லோன் தம்பி" என்றாள்.

கிழமையை வைத்துக் கடனுக்குப் பெயர் சொன்னதை அன்றுதான் முதலில் கேட்டேன். புதன்கிழமை ஒன்று இருந்தது. ஒருவாரம் விட்டு ஒருவாரம் வெள்ளிக்கிழமை ஒன்று. மாதம் ஏழாம் தேதி ஒன்று. இவை போக நகைக் கடன். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. "எதுக்குக்கா இவ்வளவு கடன்? வரவு என்னன்னு தெரியாதா? இந்த ஃப்ரிட்ஜ் இப்ப எதுக்கு?" என்று மச்சான் காதில் விழும்படியாகவே சத்தம் போட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் இருந்து ஒரு நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். "நீதான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கியே, நீயே பாரு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

சின்ன மகளின் பழைய கணக்கு நோட்டு அது. முன்பாதியில் பின்னங்களும் சதவீதமும். பின்பாதியைத் திருப்பிப் போட்டு, 2018 டிசம்பரில் இருந்து அக்கா எழுதியிருந்தாள். வாங்கியது நீல மையில், கட்டியது சிவப்பு மையில். கோவையில் இருபது வருடமாக மற்றவர்கள் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிய நிறுவனங்களின் பேரேட்டில்கூட இவ்வளவு நேர்மையைப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய 50 ரூபாய்கூட இருந்தது. "அவர் கைச்செலவு 200" என்று மாதத்தில் நாலைந்து இடத்தில் வந்தது. அது என்ன செலவு என்று அவளும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு இரவு உட்கார்ந்து அந்த நோட்டைக் காரணவாரியாகப் பிரித்தேன். மூன்றே முக்கால் வருடத்தில் அவள் வாங்கியது 17 கடன், மொத்தம் 6,10,000 ரூபாய். அதில் 2,35,000 ஏற்கெனவே இருந்த கடனை அடைப்பதற்காக வாங்கியது. தோப்புக்கு 1,15,000. மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது 90,000. பெரிய மகளின் நர்சிங் படிப்புக்கு 80,000. சின்னவளின் மஞ்சள் நீராட்டுக்கு 60,000. கடைசியில் நான் கூச்சல் போட்ட ஃப்ரிட்ஜும், ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய போனும் சேர்ந்து 30,000.

நூற்றுக்கு ஐந்து. அந்த ஐந்தைத்தான் நான் கண்ணால் பார்த்தேன். மீதித் தொண்ணூற்றைந்து கூடத்தில் நிற்பதில்லை. விழுந்துபோன மரத்தையும் கட்டி முடித்த வட்டியையும் யாரும் வந்து பார்க்க முடியாது. கடன்பட்ட வீட்டுக்குள் நுழைகிறவர்கள் டிவியையும் ஃப்ரிட்ஜையும் பார்த்து ஒரு முடிவுக்கு வருவது இதனால்தான் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் வந்தேன்.

அந்த நோட்டு ஏன் 2018 டிசம்பரில் தொடங்குகிறது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அக்கா வீட்டுக்கு ஒரு ஏக்கர் தோப்பு, 70 தென்னை. விடிந்தபோது நின்றது 11. மச்சான் தோப்புக்குள் போகாமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாராம். மரத்துக்கு வருடம் 100 காய், காய் 12 ரூபாய் என்று வைத்தாலும் அந்தத் தோப்பு வருடத்துக்கு 84,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது. அரசு நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. விழுந்த 59 மரத்துக்கு 64,900. பணம் வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு வருட வரும்படிக்குக்கூடப் பற்றாது. நெட்டை ரகக் கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அந்த ஆறேழு வருடத்தை எதை வைத்து ஓட்டுவது? அந்த இடைவெளிக்குள் நுழைந்ததுதான் குழுக் கடன்.

தமிழ்நாட்டில் பெண்கள் குழு என்றால் என் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது மகளிர் சுய உதவிக் குழு. 1989-ல் தருமபுரியில் தொடங்கியது. பெண்கள் முதலில் சேமிப்பார்கள், தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வார்கள், அப்புறம் வங்கி வரும். இப்போது வாசலுக்கு வரும் குழுக் கடன் வேறு. இதில் சேமிப்பு இல்லை. ஐந்து பேரோ பத்துப் பேரோ ஒருவருக்கொருவர் ஜாமீன், வாராவாரம் டியூ. இந்த நுண்கடனில் அதிக நிலுவை உள்ள மாநிலங்களில் பிகாரோடு தமிழ்நாடும் முன்வரிசையில் நிற்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் எங்கள் ஊரில் இருந்தது தண்டல். பத்தாயிரம் கேட்டால் 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 120 சதவீதம் வட்டி. நுண்கடனில் 24, 25 சதவீதம். தண்டலில் இருந்து இதற்கு மாறியவள் முட்டாள் இல்லை. அன்று அவளுக்குக் கிடைத்ததில் மலிவானதைத்தான் எடுத்தாள்.

சரி, அப்படியானால் தவறு எங்கே நடந்தது? நான் கண்டுபிடித்தது நோட்டில் இல்லை. நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளில்.

2022 ஜூனில் வாங்கிய கடைசிக் கடனின் விண்ணப்ப நகல் அது. குடும்பத்தின் மாத வருமானம் என்ற இடத்தில் 22,000 என்று அச்சடித்திருந்தது. அக்காவிடம் கேட்டேன். "நான் சொல்லல தம்பி. அந்தத் தம்பியே போனில் போட்டுக்கிச்சு. கைரேகை வைக்கச் சொன்னுச்சு, வச்சேன்." உண்மையான வரவை அவளோடு உட்கார்ந்து கூட்டினேன். மச்சானின் கூலி 8,000. நூறு நாள் வேலையில் 2,000. பால் 2,500. மிஞ்சிய 11 மரத்தில் 900. மொத்தம் 13,400. எல்லா டியூவும் சேர்த்து மாதம் 10,500-க்குச் சற்று மேல். அதாவது வருகிற 100 ரூபாயில் 78 ரூபாய் கடனுக்கே போகிறது.

ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் கொண்டுவந்த நுண்கடன் விதி ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுப்பது நுண்கடன். எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தொகை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் கொடுக்கிறவர்தான் வருமானத்தை மதிப்பிட வேண்டும். வட்டிக்கு இருந்த உச்சவரம்பை அதே விதி எடுத்துவிட்டது. இப்போது அந்த 22,000-ஐப் பாருங்கள். அதில் பாதி 11,000. அக்காவின் டியூ 10,500 சொச்சம். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! வருமானத்தைப் பார்த்துக் கடனை முடிவு செய்யவில்லை, கடனை முடிவு செய்துவிட்டு அதற்குத் தேவையான வருமானத்தை எழுதியிருக்கிறார்கள். கணக்கு பார்க்கிறவனுக்கு இந்த வகை எண் நன்றாகத் தெரியும். பின்பக்கமாக நடந்து வந்த எண்.

அதே நோட்டில் இன்னொரு தாள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று. அதில் ஆண்டு வருமானம் 72,000. விண்ணப்பத்தில் இருப்பது ஆண்டுக்கு 2,64,000. ஒரே வீடு. இரண்டும் உண்மை இல்லை. சான்றில் குறைத்துச் சொன்னது அக்கா வீட்டார் செய்த தவறு, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தவறு அவர்களுக்குக் கடைசியில் உதவவுமில்லை. பக்கவாதம் வந்த இரவு மாமியாரைக் கொண்டுபோன ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இல்லாதது, அங்கே ஸ்கேனுக்கும் படுக்கைக்கும் ரொக்கமாகக் கட்டினார்கள். மற்றத் தாளில் இருந்த பொய் மட்டும் சரியாக வேலை செய்தது.

"பொறுப்பில்லாமல் கடன் வாங்குகிறார்கள்" என்று சொல்லும்போது நாம் ஒன்றைக் கவனிப்பதில்லை. பொறுப்பில்லாதவரால் இவ்வளவு ஆழத்துக்குப் போகவே முடியாது. கட்டாமல் விட்டால் இரண்டாம் மாதமே அடுத்த கடன் நின்றுவிடும். பதினேழு கடன் கிடைக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இருந்த ஒவ்வொன்றையும் ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். அக்காவின் சிவப்பு மை ஒரு வாரம்கூடத் தவறவில்லை, ஊரடங்கு மாதங்களைத் தவிர. 2,35,000 ரூபாய்க்கு அவள் வாங்கிய பழைய கடன் அடைக்கும் கடன் எல்லாம் அவள் பொறுப்பின் விலை. குழுக் கடனுக்கு அடமானம் கிடையாது என்கிறார்கள். அடமானம் இருக்கிறது. நாலு பேர் முன்னால் தலை குனியக் கூடாது என்ற அவளுடைய எண்ணம்தான் அது.

அடுத்த திங்கட்கிழமை நானும் கூடவே போனேன். வேப்பமரத்தடியில் ஒன்பது பெண்கள். வசூலுக்கு வந்த பையனுக்கு இருபத்துமூன்று வயதுகூட இருக்காது. ஒருத்தி வரவில்லை. அவளுடைய 650 வரும்வரை மற்றவர்கள் எழுந்திருக்க முடியாது. நடவுக்குப் போக வேண்டியவர்கள் இருந்தார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கிளப்ப வேண்டியவர்கள் இருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து ஆளுக்கு நூறு, ஐம்பது என்று போட்டார்கள். அக்கா 150 போட்டாள். அன்று மாட்டுத் தீவனம் வாங்க வைத்திருந்த பணம். அந்தப் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். "வசூல் குறைஞ்சா எங்க சம்பளத்துலதான் சார் கை வைப்பாங்க" என்றான். அவனுக்கு வீட்டில் ஒரு தங்கை, கல்யாணத்துக்குக் கடன். ஜாமீன் சங்கிலி அவனையும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறது.

நகை விஷயத்தை நினைத்தால் இன்னும் மனது ஆறவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் 4 பவுன் வைத்திருந்தாள். தவணை முடியும் தேதி 2021 ஜனவரி. ஏலம் போய்விடுமோ என்று பயந்து, வாரத் தவணைக் கடன் ஒன்று வாங்கி, சொன்ன தேதியில் நகையைத் திருப்பிவிட்டாள். அதே வருடம் கூட்டுறவில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக் கடனை அரசு தள்ளுபடி செய்தது. கணக்கில் எடுத்த நாள் மார்ச் 31. திருப்பாமல் விட்ட பக்கத்துத் தெருக்காரிக்கு நகையும் வந்தது, கடனும் போனது. அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. தேதி தவறக் கூடாது என்று ஓடியவளுக்கு அந்த ஓட்டத்துக்காகவே வட்டி விழுந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அதே 4 பவுன் மே மாதம் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தனியார் கடையில் மறுபடி ஏறியது.

இப்போது என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2020 தையில் சின்னவளின் மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் நான். சீர் குறைந்தால் அக்காவுக்கு மரியாதை இல்லை என்று நானே முடிவு செய்து, வங்கியில் 1,50,000 ரூபாய் தனிநபர் கடன் எடுத்தேன். வட்டி 12 சதவீதம். சம்பளச் சீட்டு காட்டினேன், மூன்றாம் நாள் பணம் வந்தது. நான் அந்தத் தட்டு வரிசையைக் கொண்டுபோய் இறக்கியதால்தான் அக்கா பந்தலையும் ஃபிளெக்ஸையும் விருந்தையும் அதற்கு ஈடாகப் பெரிதாக்கி 60,000 கடன் வாங்கினாள். அந்தப் பணம் வீண்தான். அதில் பாதிப் பழி என்னுடையது. பங்குனியிலேயே ஊரடங்கு. மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி தவணை ஒத்திவைப்பை அறிவித்தது, ஆகஸ்ட் வரை நீட்டித்தது. எனக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது, ஆம் என்று அனுப்பினேன், முடிந்தது. அக்காவுக்கு எஸ்எம்எஸ் வரவில்லை. நோட்டில் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் வெறும் கோடு. ஜூலையில் "வட்டி ஏறிப்போச்சு, டியூ கூடுதல்" என்று எழுதியிருக்கிறாள். ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு பேர், ஒரே விசேஷத்துக்குக் கடன் வாங்கினோம். எனக்கு 12, அவளுக்கு 24. என் வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. எதுக்குக் கடன் என்று என்னிடம் இன்றுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

தனி மனிதப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்காகத் தன் பெயரில் ஒரு கடன் எடுத்துக் கொடுத்து, அவள் ஊரைவிட்டே போனபின் அதையும் அக்கா சுமந்தாள். அது தப்பு, அவளிடமே சொன்னேன். மச்சானின் "கைச்செலவு" நான்கு வருடத்தில் எவ்வளவு ஆனது என்று கூட்டி, எண்ணை அவர் முன்னால் வைத்தேன். நாற்பதாயிரத்தைத் தொட்டது, இரண்டு ஃப்ரிட்ஜ் வாங்கலாம். அவர் குடிப்பதை அவர்தான் நிறுத்த வேண்டும். ஆனால் அந்தக் கடையை 2003-ல் இருந்து அரசே நடத்துகிறது, 2022-23-ல் மட்டும் டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 44,000 கோடி ரூபாய்க்கு மேல். குடிக்கிறவரிடம் பொறுப்பு கேட்கிற நாம், கடை திறக்கிறவரிடமும் கேட்கத்தானே வேண்டும்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்தால் மொய் விருந்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி பிறந்தால் ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு மொய் வாங்குவது வழக்கம். அதுவும் கடன்தான், நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டியது. செய்யாவிட்டால் தலைகுனிவு அங்கேயும் உண்டு. வட்டி இல்லை, வாரத் தவணை இல்லை. முக்கியமாக, கொடுத்தவர் உங்கள் ஊர்க்காரர். உங்கள் மரம் விழுந்தது அவருக்குத் தெரியும், அவர் மரமும் விழுந்திருக்கும். கஜாவுக்கு அடுத்த ஆடியில் அக்கா வீட்டில் செய்ய வேண்டிய மொய்யைப் பாதியாகப் போட்டார்கள், மீதி அடுத்த சுற்றில் என்றார்கள், யாரும் முகம் கோணவில்லை. மொய் விருந்தை நான் பெரிதாகக் கொண்டாட மாட்டேன், கறிக்கும் பந்தலுக்கும் போகிற காசைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனாலும் கடன்காரருக்கு ஒரு முகம் இருந்தால், அந்த முகத்துக்கு நம் நிலைமை தெரிந்தால், கடன் அந்த நிலைமைக்குத் தகுந்தபடி வளையும் என்பதை அங்கேதான் பார்த்தேன். வாசலுக்கு வரும் பையனுக்கு நம் நிலைமை தெரிந்தாலும் வளைக்க அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் நம் வாசலுக்கு வருவதில்லை.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கட்டாய வசூலைத் தடுக்க ஒரு சட்டம் நிறைவேற்றியது. மிரட்டினாலோ துன்புறுத்தினாலோ மூன்று ஆண்டு வரை சிறை. தேவையான சட்டம், வரவேற்கிறேன். ஆனால் அது வாசலில் நிற்கிறவரை நோக்கியது. விண்ணப்பத்தில் 22,000 என்று எழுதிய கையை அது தொடவில்லை. கடன் கொடுத்தவர் வருமானத்தைப் பொய்யாக எழுதினார் என்று நிரூபணமானால் அந்தக் கடனின் வட்டியாவது தள்ளுபடி ஆக வேண்டும் என்று ஒரு விதி வந்தால், அடுத்த மாதமே எல்லா விண்ணப்பத்திலும் உண்மையான வருமானம் வந்து உட்கார்ந்துவிடும் என்று நம்புகிறேன். மதிப்பிட வேண்டிய பொறுப்பு அவர்களுடையது என்று ரிசர்வ் வங்கியே சொன்னபின், அதைத் தவறவிட்டதற்கான செலவை மட்டும் ஏன் அக்காவே கட்ட வேண்டும்?

அந்த ஆடியில் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன், என் வங்கிக் கடன் முடிய ஆறு மாதம் இருந்தபோதே இன்னொன்று எடுத்து, திங்கட்கிழமையையும் வெள்ளிக்கிழமையையும் அடைத்தேன். அவளுக்கு 24-ல் இருந்தது எனக்கு 12-க்கு மாறியது, அவ்வளவுதான் நான் செய்தது. மாதாமாதம் அவள் எனக்கு அனுப்பிவிடுகிறாள், அதையும் சிவப்பு மையில் எழுதுகிறாளாம். 2019-ல் வைத்த கன்றுகளில் சில போன வருடம் பாளை விட்டன.

சில நாளுக்கு முன் போன் செய்தாள். "தம்பி, புதன்கிழமைக்காரர் வந்திருக்காரு. பழசு முடியப் போவுதாம், இன்னும் ஐம்பதாயிரம் தர்றேங்குறாரு. வாங்கவா?"

எதுக்குக்கா என்று நாக்கு நுனி வரை வந்தது. "தேங்காய் இப்ப என்ன விலை போவுது?" என்று கேட்டேன். இரு, நோட்டை எடுத்துட்டு வர்றேன் என்று போனை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.